வேத வாசிப்பு (கிறிஸ்தவ சமயம்)

கிறிஸ்தவ விசுவாசி ஒருவர் தம் ஆத்தும வளர்ச்சியின் பொருட்டுப் பரிசுத்த வேதாகமத்தை நாள்தோறும் வாசித்து, வாசித்ததைத் தியானித்து, தியானித்ததைத் தம் நடக்கையில் கொணர முயலும் அநுஷ்டானம் வேத வாசிப்பு எனப்படும். சமயக் கல்வியின் பொருட்டு வேதத்தை ஆராய்வதும், ஆலய ஆராதனையில் அது வாசிக்கப்படக் கேட்பதும் இதனோடு நெருங்கிய உறவுடையனவே; எனினும், தனி மனிதர் ஒருவர் கடவுளின் திருமுன் தம்மை நிறுத்திக்கொண்டு வாசிப்பதே இதன் சிறப்பியல்பாகும்.

இதன் வேர் யூதருடைய பக்தியில் இருக்கிறது. வேதாகமத்தின் மிக நீண்ட அதிகாரமாகிய 119ஆம் சங்கீதம் 176 வசனங்களை உடையது. எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக, அவ்வெட்டும் அவ்வெழுத்திலேயே தொடங்குமாறு இயற்றப்பட்ட இப்பாடல், ஏறத்தாழ ஒவ்வொரு வசனத்திலும் பிரமாணம், கட்டளை, சாட்சி, வாக்கு என்று ஏதேனும் ஒரு பெயரால் இறைவனுடைய சொல்லையே நினைவுகூர்கிறது. இவ்வளவு நுட்பமாகப் பாடியவர் கவலையற்று அமர்ந்திருந்த பண்டிதரல்லர். பிரபுக்களால் துன்புறுத்தப்பட்டவர், உபத்திரவப்பட்டதே தமக்கு நல்லதாயிற்று என்று சொல்லும் நிலைக்கு வந்தவர் என்பதை அப்பாடலே காட்டுகிறது. துயரத்தில் வேதத்தைத் தேடுவதற்கு, அது துயரம் வருமுன்னரே பழக்கமாகியிருக்க வேண்டும்.

இயேசு கிறிஸ்து வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட வரலாறு இவ்விஷயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மத்தேயு சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தின்படி, அவர் கூறிய மறுமொழிகள் மூன்றும் உபாகமத்திலிருந்து, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பெற்ற பாடங்களை மோசே நினைவூட்டும் பகுதிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆனால் சோதிப்பவனும் 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டினான். ஆகவே வசனத்தை அறிந்திருப்பது மட்டும் போதாது. அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றோடும், வேதம் முழுவதன் நோக்கத்தோடும் பொருத்தி அறிந்திருப்பதே வேண்டப்படுவது. கிறிஸ்தவ மரபின் சிறந்த ஆசிரியர்கள் பலர் தொடர்ச்சியான வாசிப்பை வற்புறுத்தியதற்கு அடிப்படை இதுவே.

இதற்கு மாறாகப் புனித அகஸ்டினுடைய மனமாற்றத்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனப்போராட்டத்தால் அழுதுகொண்டிருந்த அவர், எடுத்துப் படிக்கும்படி சொல்லும் குழந்தைக் குரலைக் கேட்டு, பவுலின் நிருபங்களைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13ஆம் அதிகாரப் பகுதியால் ஒரு கணத்தில் மாறினார் என்பது உண்மையே. எனினும் அதற்கு முன்னரே அவர் அம்புரோஸ் ஆயரின் பிரசங்கங்களை வாரந்தோறும் கேட்டு வந்தார். பவுலின் எழுத்துகளை ஆவலோடு படித்துமிருந்தார். நெடுநாள் உழப்பட்ட நிலத்திலேதான் அவ்விதை விழுந்தது.

மேலைநாட்டுத் துறவற மடங்களில் இவ்வாசிப்பு ஒழுங்குபட்ட பயிற்சியாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த சட்டத்தின் 48ஆம் அதிகாரம், உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் உரிய நேரங்களைப் பருவத்துக்கேற்பப் பிரித்து வைக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவியும் ஒரு நூலைப் பெற்று, அதனை முதலிலிருந்து முறையாக முழுவதும் வாசிக்க வேண்டும்; வாசிப்பு நேரத்தில் சோம்பியிருப்போரைக் கண்டறிய மூத்தோர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவருவர். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபையின் தலைமடத்து அதிபராயிருந்த இரண்டாம் கீகோ, துறவிகளின் ஏணி என்னும் சிறு நூலில் வாசிப்பு, தியானம், ஜெபம், தெய்வ தரிசனம் என நான்கு படிகளை வகுத்தார்.

துறவிகளின் இப்பயிற்சி இல்லறத்தாருடையதாகவும் ஆனதில் ஜெர்மானிய பக்தி இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிராங்பர்ட்டில் போதகராயிருந்த பிலிப் யாக்கோபு ஸ்பேனர், 1675இல் வெளியிட்ட நூலில் திருச்சபையின் சீர்திருத்தத்துக்கு ஆறு யோசனைகளைக் கூறியபோது, தேவவசனத்தை மக்களிடையே இன்னும் மிகுதியாகப் பரப்ப வேண்டும் என்பதையே முதலாவதாக வைத்தார். அவர் வழிவந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, ஹாலே நகரில் அநாதை இல்லமும் பள்ளிகளும் நிறுவியவர். ஜெபத்தோடு தொடங்கி, வசனத்தில் நின்று சிந்தித்து, வாசித்ததையே ஜெபமாக்க வேண்டும் என்று எளிய மக்களுக்கும் கற்பித்தார். ஏழைகளும் வாங்கும் விலையில் வேதாகமம் அச்சிடுவதற்கென்றே 1710இல் கான்ஸ்டைன் பிரபு அங்கு ஒரு நிலையம் ஸ்தாபித்தார்.

அந்த ஹாலேயின் மாணவரான சீகன்பால்க் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தாய்மொழியில் வேதமில்லாத சபை வளராது என்னும் கொள்கையுடன் வந்தவராதலின், இரண்டே ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சாயின. இந்திய மொழியில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு இதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை முடித்திருந்த நிலையில் 1719இல் அவர் காலமாக, பெஞ்சமின் சூல்ட்சே எஞ்சியதை நிறைவேற்றினார். பின்னர் பெப்ரீஷியஸ் 1772இல் வெளியிட்ட புதிய ஏற்பாடு தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினரின் பக்திமொழியையே உருவாக்கியது எனலாம்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெயின், தம் சபையாருக்காக 1842இல் வகுத்த அட்டவணை நாளொன்றுக்குப் பெரும்பாலும் நான்கு அதிகாரங்களாக, ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் வாசிக்கச் செய்வது. தாம் வகுத்த முறையின் அபாயங்களை அவரே முன்கூட்டி எழுதியிருப்பதுதான் மிகவும் பாராட்டுக்குரியது: சடங்காக வாசித்தல், வாசித்து முடித்ததால் தம்மை நீதிமானாக எண்ணுதல், கவனமின்றி ஓட்டுதல், சுமக்கலாகாத நுகமாகக் கருதி மனமுடைதல். அடுத்த ஆண்டே, தம் 29ஆம் வயதில், அவர் மரித்தார். அட்டவணை இன்றும் வழங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், விசுவாசிகள் அனைவரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டுமென்றும், ஜெபம் அதனோடு இணைந்திருக்க வேண்டுமென்றும் வற்புறுத்தியது.

தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் இவ்வழக்கத்தின் உயிர்நிலை குடும்ப ஜெபமே. மாலையில் பாய் விரித்து அனைவரும் அமர, ஒரு பாட்டுப் பாடி, அன்றைய அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக முறைவைத்து வாசிப்பர். எழுத்துக்கூட்டும் பிள்ளையின் முறை வரும்போது பாட்டி காத்திருப்பார். ஆண்டுப் பிறப்பு ஆராதனையில், வாக்குத்தத்த வசனம் ஒன்று எழுதிய அட்டையை எடுப்பதும் பரவலான வழக்கம். அது துன்பத்தில் பலருக்கு ஆறுதலாயிருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வாக்குத்தத்தங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு கட்டளைகளையும் கடிந்துரைகளையும் விட்டுவிடுபவர், தாம் கேட்க விரும்புவதையே கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் ஆண்டுக்கு ஓர் அட்டை எவருக்கும் போதாது.

புதிதாகத் தொடங்குவோர், 16 அதிகாரங்களே உடைய மாற்கு சுவிசேஷத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக முதலிலிருந்து முடிவுவரை வாசித்து, பின்னர் சங்கீதங்களுக்கும் நிருபங்களுக்கும் செல்வது நலம். இடையில் ஒரு நாள் தவறினால், தவறிய இடத்திலிருந்தே மறுநாள் தொடரலாம்.