டப்பாவுக்குள்ள தூங்கும் கையெழுத்து

ரெண்டு மாசமா ஆணி அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இந்த முறை அந்த ஆணியே பதிவாயிடுச்சு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புலம்பல். பொறுத்தருள்க :-)

எனக்கு வேலை இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில். சொன்ன உடனே "ஹூண்டாயா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. 1998-ல் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோ கார் தயாரிக்க ஆரம்பிச்ச பிறகு சுத்துவட்டாரத்துல முளைச்ச உதிரிபாகக் கம்பெனிகள்ல ஒண்ணு. பேருக்கு நான் மென்பொருள் எஞ்சினியர். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்களுக்கு டை செஞ்சு தர்ற சப்ளையர்கிட்ட இருந்து அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஒரு மெயில். "எங்க வங்கிக் கணக்கு மாறிடுச்சு, மீதித் தொகையை இந்தப் புதுக் கணக்குல போடுங்க." பழைய மெயில்கள் எல்லாம் கீழே வரிசையா இருக்கு. அதே கையொப்பம், அதே லோகோ, அதே "அன்புள்ள மேடம்". அக்கா பணத்தை அனுப்பிட்டாங்க. 11 லட்சம்.

செவ்வாய்க்கிழமை நிஜ சப்ளையர் போன் பண்றார். "என்ன மேடம், பேமெண்ட் இன்னும் வரலையே?"

மெயில் முகவரியை உத்துப் பார்த்தா, ஒரு எழுத்து வேற. 'எல்' இருக்க வேண்டிய இடத்துல '1'. அவ்வ்வ்வ்! 1930-க்கு போன், வங்கிக்கு ஓட்டம், போலீஸ்ல புகார். கொஞ்சம் பணத்தை முடக்க முடிஞ்சது. மீதி போனது போனதுதான். அக்கா ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை. தப்பு அவங்க பேர்ல இல்லைன்னு எல்லாரும் சொன்னோம், ஆனா அவங்க மனசு கேக்கலை.

அந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, செக்குல கையெழுத்து இருக்கு, பத்திரத்துல கையெழுத்து இருக்கு. மெயிலுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கு சார். உங்ககிட்டயே இருக்கு."

"என்கிட்டயா?"

"டிஜிட்டல் சிக்னேச்சர் சார். யுஎஸ்பி டோக்கன் ஒண்ணு வாங்கினீங்களே."

"அதுவா? அது ஆடிட்டர்கிட்ட இருக்குப்பா."

இந்தப் பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அந்தக் கையெழுத்து எப்படிப் பிறந்தது, ஏன் மெயிலுக்கு வராம ஆடிட்டர் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததுன்னு பார்க்க, கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்துவோம்.

*

1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மெயில் அனுப்பினார். முகவரியில் @ குறியைப் போட்டவரும் அவர்தான். மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-ல் வந்தது. அப்போ வலையில் இருந்தவங்க பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. அதனால "அனுப்புநர்" இடத்தில் எழுதியிருக்கும் பேர் நிஜமா என்று சோதிக்க ஒரு ஏற்பாடும் அதில் கிடையாது. சுருக்கமா சொன்னா போஸ்ட் கார்டு. யார் பேரை வேணும்னாலும் போடலாம், போற வழியில யார் வேணும்னாலும் படிக்கலாம்.

இதற்கு மருந்து அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு என்பதுதான் வேடிக்கை. 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை ரகசியமா பேசணும்னா ரெண்டு பேரும் முன்கூட்டியே ஒரே சாவியைப் பகிர்ந்து வெச்சிருக்கணும். இவங்க சொன்னது: ஆளுக்கு ரெண்டு சாவி. ஒண்ணை ஊருக்கே கொடுத்துடலாம், இன்னொண்ணை உயிர் போனாலும் கொடுக்கக் கூடாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ. பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே கிட்டத்தட்ட இதையே கண்டுபிடித்திருந்தார். அதை வெளியே சொல்ல 1997 வரை விடவில்லை. பாவம் மனுஷன்.

எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். ரகசியமா வெச்சுக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்துல ஏறி ஊருக்கே சொன்னார்னு அவரைப் பத்தி ஒரு கதை உண்டே, பொதுச் சாவி அந்த ரகம். கோபுரத்துல ஏறிக் கத்தினாலும் பாதகமில்லை, கேக்கற ஆள் கூடக் கூட நல்லது. ஆனா தனிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

கையெழுத்து எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு பத்தியில் சொல்லிடறேன். மெயிலை ஹாஷ் என்ற கணக்குக்குள்ள விட்டா, கைரேகை மாதிரி ஒரு எண் வரும். ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை மொத்தமா மாறிடும். அந்த ரேகையின் மேல அனுப்புறவர் தன் தனிச் சாவியால ஒரு கணக்குப் போட்டு, விடையை மெயிலோட சேர்த்து அனுப்புறார். அதுதான் டிஜிட்டல் கையெழுத்து. வாங்குறவர் அனுப்பியவரோட பொதுச் சாவியை வெச்சு ரேகை ஒத்துப்போகுதான்னு பார்க்கிறார். ஒத்துப்போனா ரெண்டு விஷயம் உறுதி: அந்தச் சாவிக்காரர்தான் அனுப்பினார், நடுவுல யாரும் கணக்கு எண்ணை மாத்தலை. மறையாக்கம் இதுக்குத் தலைகீழ். வாங்குறவரோட பொதுச் சாவியால பூட்டினா, அவரோட தனிச் சாவியால மட்டும்தான் திறக்கும்.

1991-ல் ஃபில் ஸிம்மர்மன் என்ற அமெரிக்கர் இதைச் சாதாரண ஜனங்களுக்காக பி.ஜி.பி. என்ற மென்பொருளாக்கி இலவசமா விட்டார். அது வலைவழியா நாடு தாண்டிப் போச்சு. அன்னிக்கு அமெரிக்கச் சட்டப்படி பலமான மறையாக்கம் ஆயுத வகை. 1993-ல் அவர் மேல் குற்ற விசாரணை ஆரம்பம். 1995-ல் எம்.ஐ.டி. பதிப்பகம் அந்த மென்பொருளின் மூல நிரல் மொத்தத்தையும் புத்தகமா அச்சடிச்சது. மென்பொருளை ஏற்றுமதி பண்ணினா ஆயுதக் கடத்தல், புத்தகத்தை ஏற்றுமதி பண்ணினா பேச்சுரிமை! 1996 ஜனவரியில் விசாரணையைக் கைவிட்டார்கள்.

சட்டம் ஜெயிச்சாச்சு, ஜனங்கள் வரலை. 1999-ல் விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரை உட்கார வைத்து, 90 நிமிஷம் கொடுத்து, பி.ஜி.பி.யில் ஒரு மெயிலைக் கையெழுத்திட்டு மறையாக்கி அனுப்பச் சொன்னார்கள். சரியாச் செஞ்சது மூணுல ஒரு பங்கு ஆட்கள்தான். கணக்கு சரி, மனுஷனுக்குத்தான் ஒத்துவரலை.

*

இப்போ நம்ம ஊர்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அஞ்சே வருஷத்துல, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000. அந்த வருஷம் அக்டோபர் 17 முதல் அமல். நான் அப்போ நடை பழகி முடிச்சு ஓட ஆரம்பிச்ச வயசு. அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை ரெட்டைச் சாவி முறையாலும் ஹாஷ் கணக்காலும்தான் உறுதிப்படுத்தணும்னு தொழில்நுட்பத்தையே சட்ட வாசகமா எழுதி வெச்சது. (வேற முறைகளுக்கும் இடம் கொடுத்தது 2008 திருத்தம்.)

ஒரு பொதுச் சாவி நிஜமாவே இன்னாருடையதுதான்னு யார் சொல்றது? பி.ஜி.பி. உலகத்தில் நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி. நம்ம அரசு எடுத்தது இன்னொரு வழி. டெல்லியில் சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் என்று ஒரு அதிகாரி, அவர்கிட்ட நாட்டுக்கே ஒரு வேர்ச் சாவி, அவர் உரிமம் கொடுத்த நிறுவனங்கள் நமக்குச் சான்றிதழ் கொடுக்கும். 2002-ல் முதல் உரிமம் வாங்கியது சேஃப்ஸ்க்ரிப்ட். தரமணி டைடல் பார்க்கிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபியின் துணை நிறுவனம். ஆக, இந்தியாவில் டிஜிட்டல் கையெழுத்துக் கடையை முதல்ல திறந்தது நம்ம சென்னைக் கம்பெனி. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

கடை திறந்தாச்சு, வாங்க ஆள் வேணுமே? 2006-ல் கம்பெனி விவகார அமைச்சகம் எம்.சி.ஏ. 21 திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னோட்டம் பார்த்தது நம்ம கோயம்புத்தூர் பதிவாளர் அலுவலகத்தில். அதுக்கப்புறம் கம்பெனிப் படிவங்கள் எல்லாம் ஆன்லைன், இயக்குநர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டே ஆகணும். பின்னாலேயே வருமான வரி, அரசு டெண்டர், ஜி.எஸ்.டி. இப்படித்தான் சிப்காட்டில் இருக்கிற ஒவ்வொரு சின்ன முதலாளிக்கும் ஒரு டோக்கன் வந்து சேர்ந்தது.

என் ஆதங்கம் இங்கதான். அமெரிக்காவில் இது தனி மனுஷனோட மெயிலைக் காப்பாத்தணும்னு கிளம்பி, ஜனங்களைச் சேர முடியாம நின்னுது. நம்ம ஊர்ல ஜனங்கள் கைக்கு வந்தே சேர்ந்துடுச்சு, ஆனா அரசாங்கத்துக்குப் படிவம் கட்டுற கடமையா. நீயும் நானும் எழுதிக்கிற கடிதத்துக்கு இது உதவும்னு யாரும் சொல்லவே இல்லை. ஹெல்மெட்டை வண்டிக்கண்ணாடியில மாட்டிக்கிட்டு, போலீஸைப் பார்த்தா மட்டும் தலையில வைக்கிற கதை.

கையெழுத்தை இப்படி வரவேற்ற அரசு, பூட்டைப் பார்த்து மட்டும் பயந்தது. இணையச் சேவை உரிமத்தில், அனுமதி இல்லாம 40 பிட் வரைதான் மறையாக்கம்னு ஒரு விதி. 40 பிட் சாவியை 1997 ஜனவரியிலேயே இயன் கோல்ட்பர்க் என்ற மாணவர் 250 கணினிகளை வெச்சு மூணரை மணி நேரத்துல உடைச்சாச்சு. இன்னொரு பக்கம் 2001-ல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேணும் என்றது. எந்த விதியை மதிக்கிறது? 2015 செப்டம்பரில் தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு வந்தது. மறையாக்கி அனுப்பினதோட வெறும் பிரதியை 90 நாள் வெச்சிருந்து கேட்டா காட்டணுமாம். ஊரே கத்தினதும் சில நாள்லேயே வாபஸ்.

அரசோட சாவியும் ஒருமுறை நழுவியது. 2014 ஜூலை 2-ல் கூகுள் தன் பேரில் யாருக்கோ கொடுக்கப்பட்ட போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. கொடுத்தது டெல்லி என்.ஐ.சி.யின் சான்றிதழ் அமைப்பு, நம் வேர்ச் சாவியின் கிளை. மறுநாளே அதன் சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். ஆனாலும் க்ரோம் உலாவி அதுக்கப்புறம் இந்திய வேர்ச் சாவியை அரசு, கல்வி போன்ற சில தளங்களுக்கு மட்டும்தான் நம்பும்னு வேலி போட்டுடுச்சு. கணக்கு உடையலை மக்களே. சாவியைப் பத்திரமா வெச்சுக்கலை, அவ்வளவுதான்.

*

கொசுவத்தி போதும். முதலாளி சொன்னபடி ஆடிட்டர் ஆபீஸ் போனேன், பூந்தமல்லிப் பக்கம். உதவியாளர் தம்பி ஒரு பெரிய ஸ்வீட் டப்பாவை எடுத்து வெச்சார். உள்ளே முழுக்க டோக்கன்கள். ஒவ்வொண்ணுலயும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு: கம்பெனி பேர், கூடவே பின் நம்பர்!

அவங்களைக் குத்தம் சொல்லலை. கடைசித் தேதிக்கு முன்னாடி ராத்திரி பன்னண்டு மணிக்கு உக்காந்து தாக்கல் பண்றவங்க, ஒவ்வொரு முதலாளியையும் எழுப்பிக்கிட்டு இருக்க முடியுமா? முதலாளிகளே "நீங்களே வெச்சுக்குங்க"ன்னு விட்டுட்டுப் போனதுதான். ஆனா அந்த டப்பாவுல இருந்தது பென் டிரைவ் இல்லைங்க. அத்தனை பேரோட கை. 2000-ஆம் வருஷச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தனிச் சாவி தன் கட்டுப்பாட்டை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரரோட கடமைன்னு தெளிவாச் சொல்லுது. இதைக் கேட்டதும் எங்க முதலாளி முகம் மாறிடுச்சு. "வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரியா தம்பி?" அதேதான் சார்.

டோக்கனைச் சொருகிப் பார்த்தா அடுத்த காமெடி. சான்றிதழ்ல இருக்கிற மெயில் முகவரி ஆடிட்டர் ஆபீஸோடது! மெயில் கையெழுத்துக்கு அது ஒத்து வராது. முதலாளி பேர்லயும் அக்கா பேர்லயும் சொந்த மெயில் முகவரி போட்டுப் புதுசா வாங்கினோம். சப்ளையரும் வாங்கினார், பட்ட காயம் அவருக்கும்தானே. அவர் கணினியில நம் வேர்ச் சான்றிதழை ஏத்தி, அவுட்லுக்ல எஸ்/மைம் அமைச்சு முடிக்க ஒரு மதியம் போச்சு. நமக்கே பெண்டு நிமிர்ந்துடுச்சு, 1999-ல் அந்த 90 நிமிஷ ஆட்கள் என்ன பாடு பட்டிருப்பாங்க!

"மெயில் சர்வரே டி.கே.ஐ.எம். கையெழுத்துப் போடுதே, இது எதுக்கு?"ன்னு சிலர் கேப்பீங்க. 2007-ல் வந்த அந்த முறை, இந்த மெயில் இந்த டொமைன்லேருந்துதான் வந்ததுன்னு மட்டும் சொல்லும். '1' போட்ட அந்தத் திருட்டு டொமைனும் அதுல பாஸ். தனி மனுஷர் கையெழுத்து வேற. மெயில் பாஸ்வேர்டே திருடு போனாலும், டோக்கனும் பின்னும் இல்லாம அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. இதோட ஒரு பழைய பாணி விதியும் சேர்த்தோம்: வங்கிக் கணக்கு மாறினா, நம்ம டைரியில இருக்கிற பழைய நம்பருக்குப் போன் பண்ணிக் குரலைக் கேக்காம ஒரு பைசா நகராது.

முதல் கையெழுத்திட்ட மெயில் சப்ளையர்கிட்ட இருந்து வந்தப்போ அக்கா பக்கத்துல நின்னேன். ஓரத்துல சின்னதா ஒரு ரிப்பன் படம். "இது இருந்தா அவர்தானா தம்பி?" "அவர்தான்க்கா." "இல்லைன்னா?" "போனை எடுங்க." ரொம்ப நாளைக்கு அப்புறம் அக்கா சிரிச்சாங்க.

முதலாளியோட டோக்கன் இப்போ அவர் பீரோ சாவிக்கொத்துல தொங்குது. தாக்கல் நாள்ல ஆடிட்டர் ஆபீஸ் தம்பி லேப்டாப்போட இங்க வர்றார், இவர் பின் நம்பரைத் தன் கையால போடறார். பத்து நிமிஷ வேலை.

பி.கு.: உங்க வீட்டுலயோ கம்பெனியிலயோ யாருக்காவது டிஜிட்டல் கையெழுத்து இருந்தா, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அந்த டோக்கன் இப்போ எங்கே இருக்கு?