மும்பையில் பாலின மனப்பான்மை ஆய்வுகள்

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று வீடும் ஊரும் வகுத்துவைத்த எண்ணங்கள் இளையவர் மனத்தில் எவ்வளவு ஊன்றியிருக்கின்றன, அவற்றை அசைக்க முடியுமா என்று அறிய 2000-க்குப் பிறகு மும்பையில் நடந்த கள ஆய்வுகளின் தொடர். சமூக உளவியலின் புகழ்பெற்ற சோதனைகள் பல பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. மும்பை ஆய்வுகளோ குடிசைப்பகுதிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் கிரிக்கெட் மைதானங்களிலும் நடந்தன. செம்பூர், தேவ்னார், தாராவி ஆகிய இடங்களில் வேர்கொண்ட அமைப்புகளே இவற்றுக்குத் தோள்கொடுத்தன.

முன்வரலாறு

1936-இல் நாக்பாடாவில் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், 1954-இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு வந்தது. இன்று டாட்டா சமூக அறிவியல் கழகம் என்று அறியப்படுவது அதுதான். 1989-இல் மும்பைக் குடிசைப்பகுதிகளில் எழுத்தறிவிப்புக்காகத் தொடங்கப்பட்ட 'கோரோ' செம்பூரை மையமாகக் கொண்டது. படிக்க வந்த பெண்கள் பேசத் தொடங்கியதும் அதன் வேலை வீட்டு வன்முறையின் பக்கம் திரும்பியது. தாராவியில், சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பும் தாய்சேய் நலத்தோடு வன்முறைத் தடுப்பையும் கையிலெடுத்தது. ஆய்வாளர்கள் வருவதற்கு முன்பே தெருத்தெருவாக நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருந்தவர்கள் இவர்கள். இல்லையென்றால், மனைவியை அடிப்பதைப் பற்றி ஓர் இளைஞனிடம் யாரும் கேட்டிருக்கவே முடியாது.

யாரி தோஸ்தி

முதல் பெரிய முயற்சிக்கான பணம் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்களிலிருந்து வந்தது. ஆணுறை போடாததும் பெண்ணை வற்புறுத்துவதும் 'ஆம்பளைத்தனம்' பற்றிய ஒரே நினைப்பின் இரு கிளைகள் என்ற புரிதல் அப்போது வலுத்திருந்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் புரோமுண்டோ அமைப்பு இளைஞர்களுக்காக ஒரு பயிற்சியை உருவாக்கியிருந்தது. ஜூலி புலர்விட்ஸும் கேரி பார்க்கரும் அதன் விளைவை அளக்க 24 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தனர். குழந்தையைக் குளிப்பாட்டுவது தாயின் வேலை மட்டுமா, குடும்பம் சிதறாமலிருக்கப் பெண் அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது போன்றவற்றுக்கு ஆமாம், ஓரளவு, இல்லை என்று விடை சொல்ல வேண்டும்.

ரவி வர்மா தலைமையிலான பாப்புலேஷன் கவுன்சில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்களும் கோரோவும் இந்தப் பயிற்சியையும் அளவுகோலையும் மும்பைக்குக் கொண்டுவந்தபோது அப்படியே மொழிபெயர்த்துவிடவில்லை. 'அஸ்லி மர்த்' (உண்மையான ஆண்) யார் என்று குடிசைப்பகுதி இளைஞர்களிடமே கேட்டுத் தொடங்கினார்கள். 'யாரி தோஸ்தி' என்று பெயரிட்ட அந்த அமர்வுகளை நடத்தியவர்களும் அதே பகுதி இளைஞர்களே. முதற்கட்ட முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. பின்னர் மும்பையோடு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்க் கிராமங்களும் சேர்க்கப்பட்டன. பயிற்சி நடந்த இடங்களில் சமத்துவத்தை ஆதரிக்கும் விடைகள் கூடின; வன்முறை செய்ததாகச் சொன்னவர்கள் குறைந்தார்கள்.

ஜெம்ஸ்

இளைஞனாவதற்குள் எண்ணம் இறுகிவிடுகிறதா என்பது அந்த அனுபவம் எழுப்பிய கேள்வி. அதனால் அடுத்த ஆய்வு 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் சென்றது. 2008 முதல் இரண்டு கல்வியாண்டுகளில், பெண்கள் குறித்த பன்னாட்டு ஆய்வு மையம், கோரோ, டாட்டா சமூக அறிவியல் கழகம் மூன்றும் சேர்ந்து 45 மாநகராட்சிப் பள்ளிகளின் ஆறாம், ஏழாம் வகுப்புகளில் 'ஜெம்ஸ்' திட்டத்தை நடத்தின. 15 பள்ளிகளில் வகுப்பறை அமர்வுகளும் பள்ளி அளவிலான பிரசாரமும், 15 பள்ளிகளில் பிரசாரம் மட்டும், மீதி 15 ஒப்பீட்டுக்காக.

அமர்வுகளில் விளையாட்டும் நாடகமும் விவாதமும் இருந்தன. வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், கடைசியில் சாப்பிடுவது யார் என்று பேசும் இடத்தில்தான் சமத்துவம் பாடப்புத்தகத்தை விட்டு வீட்டுக்குள் நுழைகிறது. இத்தகைய திட்டத்தின் வலிமை அங்கேதான். வகுப்பும் பிரசாரமும் சேர்ந்து நடந்த பள்ளிகளில் பிள்ளைகளின் சமத்துவ மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. வன்முறை பற்றிய விடைகளில் மட்டும் அந்தத் தெளிவு இல்லை. முடிவுகள் கலவையாக இருந்தன. பின்னர் மகாராஷ்டிர அரசின் 'மீனா ராஜு மஞ்ச்' என்ற பள்ளித் திட்டத்தின் வழியாக இந்தப் பாடங்கள் சுமார் 25,000 பள்ளிகளுக்குச் சென்றன. அதே காலத்தில் 'பரிவர்த்தன்' என்ற திட்டம் கிரிக்கெட் பயிற்சியாளர்கள் வழியாகச் சிறுவர்களை அணுகியது. ஆசிரியரை விடக் 'கோச்' சொல்வது பையன்கள் காதில் ஏறும் என்ற கணிப்பு நியாயமானதுதான்.

விடைகள் எவ்வளவு நேர்மையானவை?

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சிக்கல் இது. பயிற்சி கொடுத்தவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மனம் மாறாமலே விடை மாறக்கூடும்.

நேர்மையை ஆராய்பவர்கள் இதைத் தாண்ட நடத்தையையே பார்த்தார்கள். 2013-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை 16 நகரங்களில் நகருக்கு 12 பணப்பைகளை வேண்டுமென்றே தவறவிட்டது. ஹெல்சிங்கியில் 11 திரும்பின. அடுத்த இடம் 9 பைகள் திரும்பிய மும்பைக்கு. பன்னிரண்டை வைத்து ஒரு நகரை எடைபோட முடியாது என்றாலும், ஏழை ஊரில் நேர்மை குறைவு என்ற சோம்பல் நினைப்புக்கு அது நல்ல மறுப்பு. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 40 நாடுகளில் 17,303 பைகளோடு இதைச் செய்து பார்த்தது. பையில் பணம் இருந்தபோது திருப்பித்தர முயன்றவர்கள் 51%, இல்லாதபோது 40%.

பெண்ணை அடிப்பதை இப்படி ஒளிந்திருந்து சோதிக்க முடியாது. சொல்லைத்தான் நம்பியாக வேண்டும். அந்தச் சொல் இரு பக்கமும் சாயும் என்பதைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்ற பையன் நல்ல பெயருக்காக உண்மையை மறைக்கலாம். முன்பு அடியென்றே கருதாத அறையை இப்போது அடியென்று எண்ணிச் சொல்லவும் செய்யலாம். தாராவியிலும் கோவண்டியிலும் 48 குடியிருப்புத் தொகுதிகளை இரு பாதியாக்கி ஸ்நேஹா நடத்திய சோதனைக்கும் இந்தச் சிக்கல் பொருந்தும். விழிப்புணர்வு பரவினால் முறையிடும் பெண்கள் கூடுவார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு வன்முறை பெருகியதாகத் தோன்றும். 'மாற்றம் இல்லை' என்று முடியும் ஓர் அட்டவணையைத் தோல்வி என்று அவசரப்பட்டு ஒதுக்குவது, வாய்திறந்த பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வித்தாளுக்கு வெளியே

மும்பையில் கேள்வித்தாள் தொடாத சான்றுகளும் உண்டு. பொதுக் கழிப்பிடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களிடம் மட்டும் வாங்கப்பட்டது. 2011-இல் கோரோவோடு தொடர்புடைய பெண்கள் இதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். செம்பூரில் இயங்கும் மும்தாஜ் ஷேக் அதன் முன்னணியில் நின்றவர். 2015-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தமிழர்களுக்கு நெடுநாள் பழக்கமான மாட்டுங்காவில், 2017 ஜூலையில் மத்திய ரயில்வே நிலையம் முழுவதும் 41 பெண் ஊழியர்கள் கைக்கு வந்தது. அப்போதைய நிலைய மேலாளர் மம்தா குல்கர்னி, 1992-இல் மும்பைக் கோட்டத்தின் முதல் பெண் உதவி நிலைய அதிகாரியாகச் சேர்ந்தவர். இப்படிப் பெண்களைப் பொறுப்பில் காண்பதே எண்ணத்தை மாற்றக்கூடும்: மேற்கு வங்க ஊராட்சிகளைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வு, பெண் தலைவர்களைக் கண்டு பழகிய ஊர்களில் ஆண்களின் முன்முடிவு குறைவதைக் காட்டியது.

பிற்கால ஆய்வுகள்

மும்பையில் தொடங்கிய வகுப்பறைப் பாதை, ஹரியானாவின் 314 அரசுப் பள்ளிகளில் நடந்த சோதனையில் இன்னும் கறாரான வடிவம் பெற்றது. திவா தார், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகியோரின் அந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நல்லவராகக் காட்டிக்கொள்ளும் சுபாவத்தைப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனியே அளந்து வைத்துக்கொண்டு விடைகளைச் சரிபார்த்தது அதன் சிறப்பு. பிற்போக்கான எண்ணங்களில் 16% மாறின. திட்டம் முடிந்து இரண்டாண்டு கழித்தும் மாற்றம் நின்றது. நடத்தையில் பையன்களே அதிகம் மாறினார்கள். வீட்டு வேலையில் கைகொடுத்தார்கள். பெண்பிள்ளைகளின் எண்ணமும் மாறியிருந்தது. ஆனால் அதன்படி நடக்கப் பையன்களுக்கு இருந்த சுதந்திரம் அவர்களுக்கு இல்லை.