ஈரப்பதமூட்டி இல்லாத எரிபொருள் கலம்: நானோகலவைச் சவ்வை எதைக்கொண்டு அளப்பது?

பாலிமர்ச் சவ்வு எரிபொருள் கலத்தில் மின்சாரம் பிறக்கும் அடுக்கு மிக மெல்லியது. இடத்தை அடைப்பவை காற்றழுத்தி, ரேடியேட்டர், ஈரப்பதமூட்டி ஆகிய துணைக்கருவிகளே. இவற்றுள் ஈரப்பதமூட்டி தேவைப்படுவதற்குக் காரணம் சவ்வின் இயல்பு. டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நஃபியான் சவ்வில், சல்போனிக் அமிலத் தொகுதிகளைச் சூழ்ந்த நீர்வழிகளினூடே புரோட்டான்கள் நகர்கின்றன. ஈரம் குறைந்தால் அவ்வழிகள் சுருங்கித் துண்டுபட, கடத்துதிறன் பன்மடங்கு வீழ்கிறது.

இதற்கு மாற்று தேடியவர்களுள் ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்து வதனாபே குழுவினரின் வழி நுட்பமானது. 1990களில் அவர்கள் சவ்வினுள்ளேயே நானோ அளவிலான பிளாட்டினத் துகள்களையும் சிலிக்கா அல்லது டைட்டானியம் டைஆக்சைடு துகள்களையும் பரப்பினர். சவ்வைக் கடந்து கசியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மேல் சேர்ந்து நீராகின்றன. ஆக்சைடுகள் அந்நீரைப் பிடித்து வைக்கின்றன. வெறும் இழப்பாக எண்ணப்பட்ட கசிவே ஈரமூட்டும் ஊற்றாயிற்று. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தாரும் 2007இல் நஃபியான்–சிலிக்கா சவ்வுகளைக் குறைந்த ஈரப்பதத்தில் இயக்கிக் காட்டினர்.

இத்தகைய நானோகலவைச் சவ்வு ஆய்வுகள் பலவும் கடத்துதிறன் எண்ணையே வெற்றியின் சான்றாக முன்வைக்கின்றன. அது போதாது என்பதே என் வாதம். சிலிக்கா தானாகப் புரோட்டானை நன்கு கடத்துவதில்லை. நீர் நிறைந்த நிலையில் அது வழியை அடைக்கவும் கூடும். எனவே கல அமைப்பை எளிமையாக்குவதாக உரிமை கோரும் சவ்வு, அதிலிருந்து எந்த உறுப்பை நீக்குகிறது என்பதைக் காட்டியாக வேண்டும்.

2014இல் வெளிவந்த டொயோட்டா மிராய் இங்கே சங்கடமான சான்று. அதில் வெளி ஈரப்பதமூட்டி இல்லை. ஆனால் அந்த இடத்தை நிரப்பியது நானோதுகள் அன்று. காற்றுக்கு எதிர்த்திசையில் ஹைட்ரஜனைச் சுழலவிட்டு, காற்றுப் பக்கம் விளையும் நீரை மெல்லிய சவ்வின் வழியே மறுபக்கம் பரவச் செய்தார்கள். அவ்வளவு மெல்லிய சவ்வு கிழியாதிருக்க, நுண்துளை டெஃப்லான் வலை அதற்கு எலும்பாயிற்று. அதுவும் ஒரு கூட்டுப்பொருளே. ஆனால் பலம் தருவதற்காகச் சேர்த்தது, நீர் பிடிப்பதற்காக அன்று.

சவ்வு மெலிந்தால் கசிவு மிகும். கசிவால் விளையும் ஹைட்ரஜன் பெராக்சைடு, தனியுறுப்புகளாக (ராடிக்கல்களாக) சிதைந்து பாலிமர்ச் சங்கிலியை அரிக்கிறது. சவ்வினுள் வைத்த பிளாட்டினம் இதற்குத் துணைபோகவும் வாய்ப்புண்டு. சீரியம் ஆக்சைடு நானோதுகள்கள் அத்தனியுறுப்புகளைத் தணிக்கின்றன. இப்பணியை நீரைப் பிடிக்கும் பணியைவிட முதன்மையானதாகக் கருதுகிறேன். மற்றொரு பணி வெப்பம் சார்ந்தது. 80 டிகிரி செல்சியஸில் இயங்கும் கலத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப இடைவெளி குறைவு. அதனால் கனரக லாரிகளுக்குப் பெரிய ரேடியேட்டர் தேவைப்படுகிறது. 100 டிகிரிக்கு மேலும் வறளாமல் உழைக்கும் கலவைச் சவ்வு அதைச் சிறிதாக்கும். ஆகவே ஒரே வெப்பநிலையில் எடுத்த கடத்துதிறனோடு, உலர்ந்த வாயுவில் நீடித்த இயக்கத்தையும் நனைந்து உலரும் சுழற்சிகளில் சவ்வு தாங்கிய காலத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.