பன்றிக் கொழுப்புச் சோப்பு தந்த மருந்துச் சோதனை

பார்மசி படித்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முனை மூடிய மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் மருந்துத்தூளைத் தட்டி இறக்குவார்கள். மெல்லச் சூடேற்றி, எந்த டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். பாராசிட்டமால் 168-க்கும் 172-க்கும் நடுவே உருகினால் தேர்ச்சி. இந்த உருகுநிலைச் சோதனையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் மருந்துக்கடை வரவில்லை, ஒரு துணி ஆலை வருகிறது.

1811-இல், பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்று ஒரு துணி ஆலையிலிருந்து பாரிஸ் வேதியியலர் செவ்ருலின் கைக்கு ஆய்வுக்காக வந்தது. அதிலிருந்து பளபளக்கும் படிகங்கள் கிடைத்தன. தொடர்ந்து பல கொழுப்புகளைப் பிரித்துப் பார்த்தார். பிரித்த பொருள் சுத்தமா என்று எப்படித் தெரியும்? திரும்பத் திரும்பக் கரைத்துப் படிகமாக்கினார். உருகும் வெப்பநிலை மாறாமல் நின்றதும் சுத்தம் என்று முடிவு செய்தார். 1825-இல், இப்படிக் கொழுப்பிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தில் மெழுகுவத்தி செய்ய, வேதியியலர் கே-லூசாக்கோடு சேர்ந்து காப்புரிமையும் பெற்றார். வியாபாரம் எடுபடவில்லை. அதே யோசனையை மேம்படுத்தி விற்றுச் செழித்தவர் தெ மில்லி.

மெழுகுவத்தி ஒரு வழியில் போக, சோதனை ஜெர்மன் ஆய்வகங்களுக்குப் போனது. புதுப்புது சாயங்களும் மருந்துகளும் பிறந்த காலம் அது. உருகுநிலையே ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளமானது. கலப்படம் இருந்தால் படிகத்தின் ஒழுங்கு குலைந்து, முன்கூட்டியே உருகத் தொடங்கும். கற்பூரத்தையும் புதினா உப்பையும் சேர்த்து வைத்தால் அடுப்பே இல்லாமல் நீராகிவிடுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோமே, அதுவும் இதே காரணத்தால்தான்.

1907-இல் வேதியியலர் யோகன்னஸ் தீலே இந்தச் சோதனைக்காக வளைந்த கைப்பிடி கொண்ட குழாயை வடிவமைத்தார். கைப்பிடியில் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் தானே சுழலும், கிண்டவே வேண்டாம். இவ்வளவு மலிவான கருவி என்பதால்தான் அது உலகின் கடைசிக் கல்லூரி வரை வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் ஒரு சிக்கல். சுத்தமான பாராசிட்டமாலே இன்னொரு படிக வடிவில் 157 டிகிரியை ஒட்டி உருகிவிடும். வடிவம் மாறினால் கரையும் திறனும் மாறும். 1996-இல் விற்பனைக்கு வந்த எய்ட்ஸ் மருந்து ரிடோனாவிர், எதிர்பாராத புதுப் படிக வடிவம் தலைகாட்டியதால் 1998-இல் காப்ஸ்யூலாகத் தயாரிக்க முடியாமல் போனது.

அந்த வடிவங்களைப் பிரித்தறிய உதவும் வழிகளில் ஒன்று, சிதறும் ஒளியை ஆராயும் ராமன் நிறமாலை. 1928-இல் அதற்கு அடித்தளமிட்ட ஆய்வில் சி.வி. ராமனோடு உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி படித்தவர். பிறகு டாக்காவில் அந்துருண்டைப் பொருளான நாப்தலீன் போன்ற படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு அவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்தார்.

வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் கிருஷ்ணன்கோவிலில் இன்று கலசலிங்கம் பார்மசி கல்லூரி இருக்கிறது. அங்கே குழாயைத் தட்டும் பிள்ளைகளுக்கு, பக்கத்து ஊர்க்காரரான கிருஷ்ணனின் கதையையும் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.