ஒரு விநாடியின் மதிப்பு: ஹைதராபாத்தில் நிலவு நோக்கிய கருவிகள்

பெரிய தொலைநோக்கி இருந்தால்தான் நிலவைப் பற்றிப் பயனுள்ள ஒன்றைப் பதிவுசெய்ய முடியும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மாரெட்பள்ளிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பேகம்பேட்டையில் இயங்கிய நிஜாமியா வானாய்வகத்தின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

அவ்வானாய்வகமே தனியொருவரின் ஆர்வத்தில் பிறந்தது. நவாப் ஜஃபர் ஜங், இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்து, 1901இல் பிசல்பண்டாவிலிருந்த தம் நிலத்தில் வானாய்வகத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பேகம்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது.

மூன்று அங்குல வில்லையின் பகுதிறன் ஏறத்தாழ 1.5 வில்விநாடி. அதில் நிலவின் தரையில் மூன்று கிலோமீட்டர் அளவுள்ள பள்ளங்கள் வரை புலப்படும். 15 அங்குல வில்லைக்குக் கோட்பாட்டளவில் அதைப்போல் ஐந்து மடங்கு நுட்பம் உண்டு. ஆயினும் காற்றின் அலைவு பெரும்பாலான இரவுகளில் ஓரிரு வில்விநாடி அளவுக்குப் படிமத்தைக் கலைத்துவிடுவதால், நடைமுறையில் இவ்வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடுகிறது. பெரிய வில்லைக்கு எஞ்சும் உறுதியான மேன்மை, 25 மடங்கு ஒளியைத் திரட்டி மங்கலான விண்மீன்களைக் காட்டுவதே.

இவ்வேறுபாடு முற்றிலும் பொருளற்றுப்போகும் ஆய்வும் ஒன்று உண்டு. அதுவே விண்மீன் மறைப்பு. நிலவுக்குக் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இல்லாமையால், அதன் இருண்ட விளிம்பை அடையும் விண்மீன் மங்காமல் சட்டென மறைகிறது. நிலவு தன் பாதையில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்வதால், மறைந்த நேரத்தை ஒரு விநாடி துல்லியத்துடன் குறித்தால், நிலவின் இருப்பிடம் ஒரு கிலோமீட்டர் துல்லியத்துடன் கிடைக்கும். இங்கே பிழையைத் தீர்மானிப்பவை கடிகாரமும், கண்ட கணத்துக்கும் கை இயங்கும் கணத்துக்கும் இடையிலான தாமதமுமே. வில்லையின் விட்டம் அன்று.

1919இல் நிலவின் இயக்க அட்டவணைகளை வெளியிட்ட ஈ. டபிள்யூ. பிரவுன், கணிப்புக்கும் காட்சிக்கும் இடையிலிருந்த முரணை ஆராய இத்தகைய பதிவுகளை வேண்டினார். சிறு கருவிகள் கொண்ட ஆர்வலர்களும் அவற்றை அனுப்பினர். தி. ப. பாஸ்கரனின் தலைமையில் நிஜாமியா வானாய்வகமும் மறைப்புகளைத் தொடர்ந்து பதிவுசெய்தது. பிழை நிலவின் இயக்கத்தில் மட்டும் இல்லை, புவியின் சுழற்சியே சீரற்றது என்பதை 1939இல் ஸ்பென்சர் ஜோன்ஸ் நிறுவினார். நாளின் நீளம் மாறுவதைக் காட்டிக்கொடுத்த சான்றுகளில் நிலவும் ஒன்றாயிற்று.

அவ்வானாய்வகத்தில் பணியாற்றிய உதவியாளர் ஒருவரின் மகனே வைணு பாப்பு. ஹைதராபாத்தில் மாணவராக இருந்தபோதே மாறொளி விண்மீன்களை ஆராய்ந்தவர். பின்னாளில் அவர் உருவாக்கிய காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு பதிவாயிற்று. அக்கோளின் வளையங்களை வெளிப்படுத்திய நிகழ்வு அது. கருவி மாறியது, முறை மாறவில்லை.

அறிவியல் வரலாறு பெரும்பாலும் வில்லைகளின் விட்டத்தையும் அவற்றை வாங்கியோரின் பெயரையும் நினைவில் வைத்திருக்கிறது. இரவுதோறும் கடிகாரத்தைச் சரிபார்த்து ஒற்றை விநாடியைக் குறித்துவைத்த கணிப்பாளர்களையும் உதவியாளர்களையும் அது எளிதில் மறந்துவிடுகிறது. அவர்கள் எழுதிய பேரேடுகளும் கருவிகளுக்கு இணையான தொல்பொருள்களே. அவ்வாறே அவை பேணப்பட வேண்டும்.