கேத்திரகணிதத்தின் எடுகோள்களும் கண்டி மலைநிலமும்

கேத்திரகணிதம் என்னும் சொல்லே நிலத்தைச் சுட்டி நிற்பதாகும். வடமொழியில் 'க்ஷேத்திரம்' என்பது வயலைக் குறிக்கும். கிரேக்கர் இத்துறைக்கு இட்ட பெயரும் நில அளவை என்றே பொருள்படும். தமிழகத்தார் வடிவியல் எனக் கூற, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நெடுங்காலம் வழங்கிய இச்சொல் ஒரு வரலாற்றுண்மையைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. புள்ளி, கோடு, தளம் ஆகிய கருத்துகள் வயலளவையோடு உறவுடையன. அவை அறிவியலாக முதிர்ந்து மீண்டும் வயலுக்குத் திரும்பியபோது யாது நிகழ்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டியை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

முதற்கண் கேத்திரகணிதத்தின் அடிக்கற்களை நோக்குவோம். ஒரு தேற்றத்தை நிறுவ முந்திய தேற்றம் வேண்டும். அதனை நிறுவ அதற்கும் முந்தியது வேண்டும். இவ்வாறு பின்னோக்கிச் செல்லின் ஓரிடத்தில் நிறுவாமலே சிலவற்றை ஏற்க வேண்டியவராகிறோம். கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்கிளிட்டு ஐந்து எடுகோள்களைத் தம் நூலின் முகப்பில் வைத்தமைக்குக் காரணம் இதுவே. பகுதியற்றது புள்ளி, அகலமற்ற நீளம் கோடு என அவர் வரைவிலக்கணமும் தந்தார். 1899 இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பேர்ட், புள்ளியும் கோடும் தளமும் வரைவிலக்கணம் வேண்டாதன என்றும், அவற்றின் தொடர்புகளை வெளிப்படையுண்மைகளே வரையறுக்கின்றன என்றும் காட்டினார். எடுகோள் நிறுவப்பட்டதன்று, ஏற்கப்பட்டது. இவ்வேறுபாடு நமது ஆய்வுக்கு இன்றியமையாதது.

கண்டி இராச்சியத்தில் வயலின் அளவு விதைப்பினாற் கூறப்பட்டது. ஓர் அமுணம் நெல் விதைக்கப் போதிய நிலம் ஓர் அமுணம். நான்கு பேலா ஓர் அமுணம். பத்து லாஹ ஒரு பேலா. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் காணப்படும் வரகு லாச்சம், நெல் லாச்சம் என்பனவும் இவ்வகையினவே. மண் வளத்துக்கேற்ப ஓர் அமுணத்தின் பரப்பு இடத்துக்கிடம் வேறுபடும். இதனைக் குறைபாடு என்பது எளிது. ஆயின் விதைப்பளவு கூறுவது நிலத்தின் வடிவத்தையன்று. உழுபவனுக்கும் மண்ணுக்குமுள்ள உறவையாகும்.

1800 இல் நில அளவைத் திணைக்களம் தோன்றியது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் 66 அடிச் சங்கிலி மலைநாட்டில் நடமாடத் தொடங்கியது. பிற்காலத்தில் தீவின் தேசப்பட ஆள்கூறுகளுக்குப் பிதுருதலாகலை மலை உற்பத்திப் புள்ளியாகக் கொள்ளப்பட்டது. அளவையாளர் சரிவை அளப்பதில்லை. கிடைத்தளத்தில் விழும் அதன் எறியத்தையே அளப்பர். அயற்காணிகள் படத்தில் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இது தேவை. எனினும் 30 பாகைச் சரிவில் 100 ஏக்கர் எனப் படத்தில் குறிக்கப்பட்ட நிலம் உண்மையில் 115 ஏக்கர் மேற்பரப்புடையது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கால்கள் அறிவது இந்த 115 ஏக்கரையே. ஏடுகள் அறிவது 100 ஏக்கரை.

சங்கிலியினும் வலிமை வாய்ந்தது சட்டத்தின் எடுகோள். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் தோம்பு இருந்தது; கண்டிப் பகுதியில் அத்தகைய பதிவேடு இல்லை. ஆதலால் அங்கே சேனை நிலத்துக்கு உரிமை கோரியவன் சன்னசு போன்ற சான்றைக் காட்ட வேண்டியவனானான். ஏற்பு அரசுக்கு, நிறுவல் குடியானவனுக்கு எனப் பங்கீடு அமைந்தது. 1844 இல் விலை உயரும்வரை முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. உழவர் உண்மையில் இழந்த நிலத்தின் அளவு பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோட்டமாகிய உயர்காடுகள் பலவற்றில் குடியிருப்பு இருக்கவில்லை. ஆயினும் நிறுவும் சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஈண்டு ஒரு காலப் பொருத்தம் கருதத்தக்கது. 1829 இல் ரஷ்யாவில் லொபசெவ்ஸ்கியும் 1832 இல் ஹங்கேரியில் போல்யாயும் யூக்கிளிட்டின் ஐந்தாம் எடுகோளைக் கைவிட்டு, முரண்பாடற்ற வேறொரு கேத்திரகணிதத்தை வெளியிட்டனர். எடுகோள் இயற்கையின் கட்டளையன்று, மனிதரின் தெரிவு எனக் கணிதவியலாளர் உணரத் தலைப்பட்ட அக்காலத்திலேதான், ஓர் ஆட்சி தன் தெரிவைக் கேள்விக்கு இடமற்ற உண்மையாகக் கண்டி மலைகளில் நாட்டியது.

அம்மலைகளிற் பயிர் வளர்த்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 1867 இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரையில் தேயிலை 19 ஏக்கரில் வேரூன்றியது. ஆங்கிலத்தில் கோட்டையும் வரிசையையும் குறிக்கும் சொல்லே தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்குப் பெயராகி 'லயம்' என வழங்கலாயிற்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமையை நிறுவுமாறு அவர்களைக் கேட்டது. பதிவேடற்றவரிடம் பதிவேடு கேட்கும் 1840 இன் தருக்கமே இங்கும் மீண்டது. உழவனும் தொழிலாளியும் ஒரே தருக்கத்தாற் பாதிக்கப்பட்டோர். எனினும் ஒருவர் மற்றவரை எதிரியாகக் கருதுமாறு தூண்டப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது, நிலவுரிமையைத் தீர்க்கவில்லை. 2015 இன் பின் வந்த வீட்டுத் திட்டங்கள் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்றன. 160 பேர்ச் ஓர் ஏக்கராதலின், அது ஏக்கரில் ஏறக்குறைய இருபத்துமூன்றில் ஒரு பங்கு.

கேத்திரகணிதத்தை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஏற்றதை ஏற்றதென முதற் பக்கத்திலேயே அறிவிக்கும் நேர்மை அதற்கு உண்டு. நிலச் சட்டங்களும் குடியுரிமைச் சட்டங்களும் கைக்கொள்ள வேண்டியது அந்நேர்மையே. நிறுவலிற் பிழையின்மை தொடக்கத்தின் நீதிக்குச் சான்றாகாது. மலையகத்தின் காணிப் பிரச்சினையை ஆராய்வோர் எல்லைக் கோடுகளைத் திருத்துவதோடு அமையாது, அக்கோடுகள் எவ்வெடுகோளினின்று வரையப்பட்டன என்பதையும் வினவுதல் வேண்டும்.