இழுக்கும் தசையும் இணங்கும் தசையும்

முழங்கை மடங்கும்போது மேற்கையின் முன்புறத்திலுள்ள இருதலைத்தசை சுருங்கிப் புடைக்கின்றது. கையை நீட்டும்போது பின்புறத்திலுள்ள முத்தலைத்தசை சுருங்குகின்றது. தசைக்கு இழுக்கத் தெரியுமேயன்றித் தள்ளத் தெரியாது. ஆகவே, ஒரு தசை மடக்கிய உறுப்பை மீட்டும் நீட்டுவதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு தசை வேண்டியதாயிற்று. எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டை முற்றாக விளங்கிக்கொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் சென்றன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரிலே வாட்போர் வீரருக்கு வைத்தியராக இருந்தவர் கேலன். சுருங்குதலே தசையின் சொந்தத் தொழில் என்றும், அது நீள்வது எதிர்த்தசையின் இழுப்பினாலேயே என்றும் அவர் எழுதினார். ஒரு தசை அறுபட்டால் உறுப்பு அதன் எதிர்த்தசையின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

ஆனால், தசையைச் சுருங்கச் செய்வது யாது? 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த், மூளையிலிருந்து நரம்பு வழியே நுண்ணிய பாய்பொருள் ஒன்று வந்து, தசையைக் காற்றடைத்த பைபோல் உப்பச் செய்கின்றது என்றார். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தர் சுவாமர்டாம் இதனைச் சோதித்தார். தவளையின் தசையொன்றைக் கண்ணாடிக் குழலுள் அடைத்து, குழலின் ஒடுங்கிய நுனியில் ஒரு துளி நீரை வைத்து, நரம்பைத் தூண்டினார். தசை சுருங்கியது, நீர்த்துளியோ மேலெழவில்லை. தசையின் பருமன் கூடவில்லை என்பது தெளிவாயிற்று. தெக்கார்த்தின் கொள்கையும் ஆட்டங்கண்டது.

ஒரு தசை இழுக்கையில் அதன் இணை என்ன செய்கின்றது என்ற வினாவுக்கு, 1890களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் செரிங்டன் விடை கண்டார். மடக்கும் தசைக்குச் சுருங்குமாறு ஆணை செல்லும்போதே, நீட்டும் தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் முண்ணாணிலே அடக்கப்படுகின்றன. இணைத்தசை தளர்வது சோம்பலால் அன்று. அதுவும் நரம்பு மண்டலத்தின் ஒழுங்கான செயலே. நரம்புக் கலங்களின் தொழில் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932இல் அவரும் ஏட்ரியனும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த அடக்கம் தவறினால் நேரும் கேட்டை ஏற்புவலி நோய் காட்டுகின்றது. காயத்தில் புகுந்த கிருமியின் நஞ்சு, அடக்கும் செய்தியைத் தடுத்துவிடுகின்றது. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒருங்கே இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கின்றது, முதுகு வில்லாய் வளைகின்றது. மூச்சுக்கு உதவும் தசைகளும் இறுகினால் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசி இந்நோயினின்று காக்கின்றது.

நடப்பதும் எழுதுவதும் ஒரு தசையின் வலிமையால் மட்டும் நிகழ்வன அல்ல. அதன் இணை உரிய வேளையில் விட்டுக்கொடுப்பதாலும் நிகழ்வன.